பந்து விழுந்ததைப் பொறி எவ்வாறு அறிகிறது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கேளிக்கைக் கூடங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்டு வரும் விளையாட்டு ஸ்கீ-பால். நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லண்ட் நகரினரான ஜோசப் ஃபோரெஸ்டியர் சிம்ப்சன் 1908-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆடுபவர் பந்தைப் பாதையில் உருட்டுகிறார்; கோடியிலுள்ள மேடு அதனை மேலெழும்பச் செய்கிறது; பந்து வளையங்களுக்குள் அமைந்த துளைகளுள் ஒன்றில் விழுகிறது. துளைக்கேற்பப் புள்ளிகள் கிடைக்கும்.

இதனை ஒட்டுப்பலகை கொண்டு வீட்டிலேயே செய்துகொள்வோர் உளர். தச்சு வேலையில் பெரிய இடர் ஒன்றுமில்லை. இடர் எண்ணிக்கையில்தான் தோன்றுகிறது. 50 புள்ளித் துளையில் விழுந்த பந்தை ஒருமுறை எண்ணாமல் விட்ட பொறியை எந்தச் சிறுவனும் மறுபடி நம்புவதில்லை. ஒரே பந்தை இருமுறை எண்ணினாலும் நிலை அதுவே. அப்பொழுது முறையிடுபவன் எதிராளி, அவ்வளவே.

பந்தை உணர எளிய கருவி, நெம்புகோல் பொருத்திய சிறு ஸ்விட்ச் ஆகும். விலை குறைவு, வெளிச்சத்தால் கெடாது. ஆனால் விழும் மரப்பந்து நேரே தாக்கினால் அதன் கம்பி விரைவில் வளைந்துவிடும். ஆகவே துளையின் கீழே ஒரு சரிவான வாய்க்கால் அமைத்து, பந்து உருண்டு செல்லுகையில் கம்பியை மெல்ல அழுத்துமாறு செய்தல் வேண்டும். பந்து மிக இலேசானதாயின் இம்முறை பயன்படாது.

மற்றொரு முறை அகச்சிவப்புக் கதிர். துளையின் ஒரு புறம் கதிர் உமிழும் டயோடும், எதிர்ப்புறம் அதனை ஏற்கும் கருவியும் வைக்கப்படும். பந்து கதிரை மறைக்கும்பொழுது புள்ளி ஏறும். தேயக்கூடிய உறுப்பு எதுவுமில்லை என்பது இதன் சிறப்பு. ஆயினும் ஓர் அளவைக் கவனித்தல் இன்றியமையாதது. கதிர் துளையின் மையத்தின் ஊடே செல்வதாகக் கொள்வோம். பந்தின் விட்டம் 75 மி.மீ., துளையின் விட்டம் 100 மி.மீ. எனில், பந்து ஓரமாக ஒட்டி விழுந்தாலும் அதன் மையம் 12.5 மி.மீ. மட்டுமே விலகும், கதிர் தப்பாது மறைக்கப்படும். துளை 150 மி.மீ. ஆயின், ஓரமாக விழும் பந்து கதிரை வெறுமனே தொட்டுச் செல்லும். துளை பந்தைப் போல் இரு மடங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு மிகுதியாக உண்டு. சன்னலருகே வைத்த பொறி காலையில் ஒழுங்காக எண்ணி, மாலையில் பிழை செய்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கதிரை விநாடிக்கு 38,000 முறை துடிக்கச் செய்து, அத்துடிப்பை மட்டும் உணரும் கருவியைப் பயன்படுத்தினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் தூரக் கட்டுப்பாட்டுக்கென அமைந்த ஏற்பிகள் இங்குப் பொருந்துவது அரிது. ஓயாது வரும் துடிப்பை அவை இரைச்சல் எனக் கருதித் தாமே அடக்கிவிடும். தடுப்புக் கதிருக்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்குதல் நலம்.

10 செ.மீ. விழுந்த பந்தின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். அது கதிரை மறைக்கும் காலம் விநாடியில் இருபதில் ஒரு பங்கே. புள்ளி கணக்கிடும் சில்லு அவ்வேளையில் இசை ஒலிப்பதிலேயே முழுதும் ஈடுபட்டிருந்தால் பந்து காணப்படாமலே போய்விடும். மாறாக, ஸ்விட்சின் உலோகத் தொடுமுனைகள் மூடும்பொழுது சில மில்லி விநாடிகள் அதிர்ந்து பலமுறை தொடுகின்றன. ஒவ்வொரு தொடுதலையும் ஒரு பந்தாகக் கொள்ளாதபடி, முதல் தொடுதலுக்குப் பின் சிறிது நேரம் அத்துளையைப் புறக்கணிக்குமாறு நிரல் எழுதுவர்.

பந்துகள் யாவும் திரும்பி வரும் பொது வாய்க்காலில் இன்னும் ஓர் உணர்கருவியை வைப்பது பலர் நினையாத காரியம். ஒன்பது பந்துகள் திரும்பி, எட்டுக்கு மட்டுமே புள்ளி பதிவாகியிருப்பின், தான் ஒன்றைத் தவறவிட்டதைப் பொறியே அறிந்து விளக்கை ஏற்றிக் காட்டும். எந்தத் துளையில் தவறு என்பதைப் பின்னர், ஒவ்வொரு துளையிலும் ஓரமாக நூறு பந்துகள் கையால் இட்டுப் பார்த்துக் கண்டுகொள்ளலாம்.