இரத்தச் சர்க்கரை எண் மதிப்பெண் அன்று

முதல் வகை நீரிழிவுடன் வாழும் பள்ளி மாணவ மாணவியரின் பெற்றோருக்காக

அரையாண்டுத் தேர்வு முடிந்து பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் எமது புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரும் ஏறத்தாழ ஒரே முறையீட்டைத்தான் முன்வைக்கின்றனர். "பத்து வயசு வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு டாக்டர். இப்ப ஊசி போட்டுக்கன்னா கோபம், சுகர் பாருன்னா கோபம்." அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேசையின் மீது ஹெச்பிஏ1சி அறிக்கை இருக்கும். கடந்த மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அந்த ஒற்றை எண்ணை மூவருமே முன்னேற்ற அட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் உடலியல் உண்மை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூப்புப் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் பெருகுகின்றன. அவை இன்சுலின் வேலை செய்யும் திறனைக் குறைக்கின்றன. சென்ற ஆண்டு போதுமானதாக இருந்த அளவு இவ்வாண்டு போதாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் கூடுதலாக இன்சுலின் தேவைப்படுவது இந்த வயதில் இயல்பே. விடியற்காலையில் சர்க்கரை தானாக ஏறுவதும் இப்பருவத்தில் மிகுதி. ஆகவே, இரவில் ஒழுங்காக உண்டு, ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டு உறங்கிய பிள்ளைக்கும் காலையில் 240 வரக்கூடும். அப்போது, "ராத்திரி யாருக்கும் தெரியாம என்ன தின்ன?" என்று கேட்பது, செய்யாத தவறுக்குத் தண்டனை தருவதாகும். இதே கேள்வியைப் பலமுறை கேட்ட பிள்ளை ஒரு நாள் ஒரு முடிவுக்கு வருகிறது: முயன்றாலும் திட்டு, முயலாவிட்டாலும் திட்டு, பிறகு ஏன் முயல வேண்டும்?

அமெரிக்க உளவியல் அறிஞர் கேரல் டுவெக், மனிதர் தம் திறனைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தை இரு வகையாகப் பிரித்தார். திறன் என்பது பிறவியில் அமைந்தது, மாறாதது என்று எண்ணுவது ஒன்று. பயிற்சியாலும் நல்ல வழிமுறையாலும் பிறர் துணையாலும் அது வளரக்கூடியது என்று எண்ணுவது மற்றொன்று. இரண்டாவதை 'வளரும் மனப்பாங்கு' என்கிறோம். 1998ஆம் ஆண்டில் கிளாடியா முல்லர் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. எளிய புதிர்களை முடித்ததும் ஒரு சாராரிடம் 'நீ புத்திசாலி' என்றும், மற்றொரு சாராரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினர். அடுத்துத் தரப்பட்ட கடினமான புதிர்களில் எல்லாருமே தடுமாறினர். அதன் பின் மீண்டும் முதலில் தந்தவை போன்ற எளிய புதிர்களைத் தந்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தனர்; உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிடக் கூடுதலாகச் செய்தனர்.

அந்த ஆய்வில் எம் துறையினர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. தாங்கள் பெற்ற மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதுமாறு கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஏறத்தாழ நால்வர் பொய்யாகக் கூட்டி எழுதினர். மற்ற குழுவில் அவ்வாறு எழுதியோர் மிகச் சிலரே.

எமது பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் சர்க்கரைப் பதிவேடு இதுதான். 110, 120, 115, 130 என எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே அமர்வில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஹெச்பிஏ1சி 11 விழுக்காடு காட்டும். அந்தப் பிள்ளை பொய்யர் அல்லர். எண் ஒவ்வொன்றும் தம் குணத்திற்கு இடப்படும் மதிப்பெண் என்று கற்பிக்கப்பட்டவர். 'நல்ல சுகர்', 'கெட்ட சுகர்' என்ற சொற்களை வீட்டிலிருந்து முதலில் விலக்குங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். 'உயர்ந்திருக்கிறது', 'தாழ்ந்திருக்கிறது', 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொன்னால் போதும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி, "இப்போது என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்பதே. 280 என்று உண்மையாக எழுதிய பிள்ளையிடம், "மறைக்காமல் எழுதினாய், இதை வைத்துத்தான் மருந்தின் அளவைச் சரிசெய்ய முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். உயர்ந்த எண்ணைக் கண்டு எங்களுக்குக் கோபம் வருவதில்லை; போலி எண்ணை நம்பி அளவை மாற்றிவிடுவோமோ என்ற அச்சமே வருகிறது.

வெறுமனே உழைப்பைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தம் கருத்து அவ்வாறு திரிந்து பரவியதைக் கண்டு, பயன் தராத முயற்சியைப் பாராட்டுவதோடு நின்றுவிடக் கூடாது என்று டுவெக் அவர்களே பின்னர் எழுத நேர்ந்தது. வழி தவறானால் வழியை மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்சுலினின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அவன் எடை ஏறத்தாழ 29 கிலோ. எலும்பும் தோலுமாக இருந்தான். அந்நாளில் முதல் வகை நீரிழிவு என்றால், சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மரணம் என்றே பொருள். முதல் ஊசி ஏமாற்றம் அளித்தது. சர்க்கரை ஓரளவே இறங்கியது; சாறு தூய்மையற்றதாக இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர். அடுத்த 12 நாட்களில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் அறிஞர், ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக மாற்றி, எந்தச் செறிவில் தேவையற்ற புரதங்கள் பிரிந்து இன்சுலின் தனித்து நிற்கிறது என்று கண்டறிந்தார். ஜனவரி 23 அன்று தூய்மையான சாறு செலுத்தப்பட்டது. ஒரே நாளில் சர்க்கரை 520இலிருந்து 120க்கு இறங்கியது. லியோனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இந்தக் கதையை எம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. அந்த 12 நாட்களில் அவர்கள் அதே சாற்றை மேலும் உறுதியான மனத்தோடு செலுத்திக்கொண்டிருக்கவில்லை. எங்கே பிழைத்தது என்று பார்த்து, முறையை மாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியுள்ளேன்) கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப என் ஊசியிலயும் ஏதாவது முறைத் தப்பு இருக்குமா சார்?" என்று கேட்டார். இருந்தது. வலிக்காத ஒரே இடத்தில், தொப்புளுக்கு வலப்பக்கத்தில், ஈராண்டுகளாக ஊசி போட்டுவந்ததால் அங்கே கொழுப்பு தடித்துக் கட்டிபோல் ஆகியிருந்தது. அவ்விடத்தில் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. இடத்தை மாற்றி மாற்றிப் போடத் தொடங்கியதும் அவருடைய சர்க்கரையின் ஏற்ற இறக்கம் பெரிதும் அடங்கியது. அதுவரை அவர் வீட்டில் 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று பெயர் எடுத்திருந்தார்.

எதை வளர்க்க முடியும், எதை முடியாது

இங்கே ஓர் எச்சரிக்கை. 'முயன்றால் முடியாதது எதுவுமில்லை' என்ற வாசகத்தை இந்த நோயின் முன் அப்படியே வைத்துவிடாதீர்கள். முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. மனவுறுதியாலோ உணவுக் கட்டுப்பாட்டாலோ அவை திரும்ப முளைப்பதில்லை. "மனசு வச்சா ஊசியை விட்டுடலாம்" என்று உறவினர் சொல்லக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டு, கீட்டோ அமிலத்தன்மையோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளை இன்றும் நாங்கள் காண்கிறோம். அதில் உயிரிழப்பு நேரக்கூடும். வளரக்கூடியது திறமை: உணவில் மாவுச்சத்தைக் கணக்கிடுதல், விளையாட்டுக்கு முன் அளவைச் சரிசெய்தல், தாழ் சர்க்கரையின் அறிகுறியை முன்கூட்டியே உணர்தல், உதவி கேட்டல். இவற்றில் ஒவ்வொன்றும் பழகப் பழக வரும். இன்சுலின் போட்டுக்கொள்வதை மனவலிமையின் குறைவாக எந்தப் பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது.

மனப்பாங்கைப் பற்றிய ஆய்வுகளையும் அளவோடுதான் மதிப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு மணி நேரத்திற்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, படிப்பில் பின்தங்கியோரின் மதிப்பெண்ணை நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 மட்டுமே உயர்த்தியது. சிறிய பயன்தான். சவாலை வரவேற்கும் சக மாணவர் இருந்த பள்ளிகளில் பயன் கூடுதலாக இருந்தது என்பதே அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சூழல் ஒத்துழைக்காமல் பிள்ளையின் மனத்தை மட்டும் மாற்றிவிட முடியாது. இன்சுலின் வாங்கப் பணமில்லாத வீட்டில் மனப்பாங்கைப் பற்றிப் பேசுவது முறையுமன்று. அத்தகையோர் எமது சமூகப் பணியாளரை அணுகலாம். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும்.

சூழல் என்றதும் மறைத்துவைக்கும் வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வீடுகளில், 'நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும்' என்று பள்ளிக்குக்கூடச் சொல்வதில்லை. விளைவு, மதிய உணவுக்கு முன் போட வேண்டிய ஊசி கழிவறையில் அவசரமாகப் போடப்படுகிறது. அல்லது போடப்படுவதே இல்லை. தம் உடலைப் பற்றி வெட்கப்பட வேண்டும் என்ற பாடத்தை நாள்தோறும் கற்கும் பெண்ணிடம் மீண்டெழும் திறனை எதிர்பார்ப்பது எவ்வாறு? வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய தோழியர் இருவருக்குமாவது தெரிந்திருக்கட்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். தேர்வு அறைக்கும் இது பொருந்தும். சிபிஎஸ்இ வாரியம் 2017 முதல் இத்தகைய மாணவர் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், நீர் போன்றவற்றைக் கொண்டுசெல்ல அனுமதிக்கிறது. எந்த வாரியமானாலும், முன்கூட்டியே மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியரை அணுகுங்கள். சான்றை நாங்கள் தருகிறோம்.

எப்போது கையை விடுவது என்று பெற்றோர் கேட்கின்றனர். 'பத்தாவது வந்துட்டான், இனி அவனே பார்த்துக்கட்டும்' என்று ஒரே நாளில் விலகுவதும், இருபது வயது வரை நாமே ஊசி போட்டுவிடுவதும் இரண்டுமே பொருந்தா. மிதிவண்டி பழக்குவதைப் போன்றதே இது; இருக்கையைப் பிடித்த கை சிறிது சிறிதாகத் தளர வேண்டும், ஆனால் கூடவே ஓட வேண்டும். பிள்ளை அளவைக் கணக்கிடட்டும், நீங்கள் சரிபாருங்கள். சில மாதங்கள் கழித்து வாரம் ஒருமுறை மட்டும் சேர்ந்து பதிவேட்டைப் பாருங்கள். தேர்வுக் காலத்திலும் காய்ச்சலின்போதும் பொறுப்பை மீண்டும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், அது பின்னடைவாகாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அறிஞரின் குழுவினர் நாற்பதாண்டு வயது வரை பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சிதைவு போன்ற பல இடர்களுக்கு இடையே வளர்ந்தோரிலும் மூன்றில் ஒரு பங்கினர் நிறைவான வாழ்வை அமைத்துக்கொண்டனர். தம்மை அப்படியே ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தார். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எமது பிரிவில் பல பிள்ளைகளுக்கு அவர் பாட்டியாக இருக்கிறார்.

சில அறிகுறிகளை மட்டும் மனப்பாங்கு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். ஊசியைத் தொடர்ந்து தவிர்த்தல், உடல் மெலிவதற்காக வேண்டுமென்றே அளவைக் குறைத்தல், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வும் தூக்கமின்மையும், 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த முறை வரும் நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். வீட்டிலிருந்தே பேச, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவை நாள் முழுவதும் இயங்குகின்றன. வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை கீட்டோ அமிலத்தன்மையின் அறிகுறிகள்; நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது பதிவேட்டோடு குளுக்கோமீட்டரையும் கொண்டுவாருங்கள். பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளிடம் முதல் பத்து நிமிடங்கள் நாங்கள் தனியே பேசுவோம். பெற்றோர் அதுவரை வெளியே அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.