தை மாத வரவும் ஐப்பசி மாதச் செலவும்

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் முடிகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து சேருகிறது. செலவு அப்படி வருவதில்லை. எண்ணெய், பருப்பு, மருந்து என்று அன்றாடம் கொஞ்சம் போகிறது. ஆனியில் பள்ளிச் செலவு, ஆவணியில் நாற்றங்கால், ஐப்பசியில் தீபாவளி என்று பெருஞ்செலவுகளோ வரவில்லாத மாதங்களில்தான் வந்து நிற்கின்றன. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கடன்படுவது இந்த இடைவெளியில்தான்.

சிக்கனம் என்றால் டீயையும் வெற்றிலையையும் குறைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அதிலும் கொஞ்சம் மிஞ்சும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய ஓட்டை வட்டியில் இருக்கிறது. 'நூற்றுக்கு மூன்று வட்டி' என்றால் காதுக்குச் சிறிதாகத்தான் படும். அது மாத வட்டி. ஆண்டுக்கு 36 சதவீதம் ஆகிறது. ஆவணியில் ரூ.20,000 வாங்கி மாசியில் திருப்பினால் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் ரூ.3,600. டீ ஒன்று ரூ.12 என்றால், 300 டீக்கான பணம்!

இதே தொகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாகப் பெற்றுத் தவணைத் தேதிக்குள் செலுத்தினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் உழவர் கடன் அட்டையின் பேரில் வாங்கினால் ஆண்டு வட்டி 7 சதவீதம். காலத்தில் செலுத்துவோருக்கு 4 சதவீதம்தான். அந்தக் கணக்கில் ஆறு மாத வட்டி ரூ.400.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தனியாரிடம் போவது ஏன்? பயிர்க்கடன் பணம் வீட்டுச் செலவில் கரைந்து விடுவது ஒரு முக்கிய காரணம். மொய்க்கும் மருத்துவத்துக்கும் அது போய்விட்டால், மேலுரம் இடும் நேரத்தில் கையில் காசு இருக்காது. பூச்சிமருந்தைக் கடைக் கணக்கில் வாங்க நேரிடும். கடனுக்கு வாங்குகிறவர் விலை பேச முடியாது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வர வேண்டியதுதான். உழவர் கடன் அட்டையின் கடன் அளவை நிர்ணயிக்கும்போது, பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பத் தேவைக்கும் சேர்க்கப்படுகிறது. இதை வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். முன்பக்கத்திலிருந்து வயல் கணக்கு, பின்பக்கத்திலிருந்து வீட்டுக் கணக்கு. வீட்டுக் கணக்கை இல்லத்தரசி எழுதுவதே பொருத்தம். உப்பு புளி வரை அவருக்குத்தான் தெரியும். முதல் ஆண்டு எதையும் குறைக்க முயலாமல் எழுதி வந்தாலே போதும். பங்குனி முதல் மார்கழி வரை குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்த மாசியில் நெல் பணம் வந்தவுடன் முதலில் பயிர்க்கடனை அடைக்க வேண்டும். தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். பிறகு அடுத்த சாகுபடிக்கான விதை, உழவுச் செலவு. அதன்பின் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று எடுக்கலாம். ரூ.500 இருந்தால் இக்கணக்கைத் தொடங்கலாம். வீட்டுக்கூரை, விசேஷம் எல்லாம் இவற்றுக்குப் பிறகே. சாப்பாட்டு நெல்லையும் சேர்த்து விற்றுவிட்டுக் கார்த்திகையில் அரிசி வாங்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதையும் விட வேண்டும்.

கறவை மாடு இருந்தால் பால் பணம் இடைமாதங்களைத் தாங்கும். அதில் மாதம் ரூ.100 முதல் அஞ்சலகத் தொடர் வைப்பில் ஐந்தாண்டுக்குச் செலுத்தலாம். ஆனால் மூன்று வட்டிக் கடன் நிற்கும்போது இதைத் தொடங்குவது கணக்குக்கு ஒத்துவராது. சேமிப்பில் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம். கடனுக்குக் கொடுப்பதோ 36. அந்தக் கடன் தீரும்வரை பால் பணம் அங்கேதான் போக வேண்டும்.

சம்பாவுக்குப் பயிர்க்கடன் வேண்டுவோர் ஆனி, ஆடியிலேயே சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, நிழற்படம் ஆகியவற்றுடன் தங்கள் பகுதித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அணுகலாம். அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பெறலாம். உறுப்பினர் அல்லாதவர்கள் முதலில் உறுப்பினராகச் சேர வேண்டும்.