மூட்டைகளுக்கு நடுவே பழைய பேட்டரியா?



கிட்டங்கியில் ரேக் மாட்ட, வயர் இல்லாத டிரில் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். மெஷின் நன்றாக இருக்கிறது. பேட்டரிதான் நாலு திருகாணிக்கு மேல் தாங்கவில்லை. "வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து உசுப்பிவிடலாம், முதலாளி" என்றான் கடைப் பையன். தடுத்துவிட்டேன்.

முதலில் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய நிக்கல் காட்மியம் வகையானால், உள்ளே 1.2 வோல்ட் செல்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 10 செல்கள். ஒன்றிரண்டு செத்தாலே மெஷின் சோர்ந்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாச் செல்களையும் ஒருசேர மாற்றலாம். காட்மியம் நஞ்சு, நாமே பிரிக்கக் கூடாது.

லித்தியம் என்றால் சங்கதியே வேறு. அடியோடு இறங்கிக் கிடந்ததை வலிய சார்ஜ் ஏற்றினால், உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். புதிது வாங்குவதே வழி.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைத்துள்ளன; வாங்கிய கடையில் கேளுங்கள்.

நம் கிட்டங்கியில் இருப்பது சாக்கும் எண்ணெய் டின்னும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய், பல லட்சம் சரக்கைத் தீக்குக் கொடுக்கலாமா?