பழைய காருக்குப் பழைய தகடே வேண்டும்

அருமனைப் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. ரப்பர் மரங்களின் நிழலில் ஈரம் சீக்கிரம் காய்வதுமில்லை. இந்த ஊரில் பழைய கார் துருப்பிடிப்பது மழை நேராக அடிக்கும் இடத்திலல்ல, தண்ணீர் தேங்கும் இடத்தில்தான். கதவுக் கண்ணாடியின் இடுக்கில் இறங்கும் நீர் வடிந்துபோக அடியில் சிறு துளைகள் உண்டு. சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே பெயிண்ட் குமிழ்விடும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். பட்டி போட்டு மூடு என்பார்கள் சிலர். கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்துப் போடு என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். அசல் தகட்டில் நல்ல இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவையும் காப்பாற்ற வேண்டும்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பாருங்கள். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிகெலோட்டி. தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டுப் பொருத்திய உடல் என்பதால், கழற்றி வேறு மாட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவை எந்த வெளிநாட்டிலிருந்தும் தருவிக்க முடியாது. அம்பாசிடர் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. புதிதாகக் கையால் அடித்த கதவு அளவில் பொருந்தலாம். ஆலை அச்சில் விழுந்த ஓர வளைவு அதில் அப்படியே வருவது அரிது.

நசுங்கலை எடுக்கும்போது பின்னால் டாலி என்னும் இரும்புக் கட்டையை வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுத்தியலால் தட்டி வர வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, விரலால் அழுத்தினாலே உள்ளே போய் வெளியே துள்ளும். அதைச் சுருக்க, கேஸ் சுடரால் ஒரு சிறு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, உடனே தட்டி, ஈரத்துணியால் ஒற்றுவார்கள். அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் துண்டு வைத்துப் பற்றவைப்பது அடுத்த வேலை. ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். ஆகவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்க வேண்டும். பட்டி கடைசியில், மெல்லிய பூச்சாக மட்டும். கனமாக அப்பிய பட்டியில் ஈரம் ஏறினால் அடியில் துரு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

கூலி அதிகமாகுமே என்பது நியாயமான ஆட்சேபம். நாள்கணக்கில் கைவேலை இது. ஆனால் பட்டியால் மூடிய கதவு சில மழைக்காலங்களில் திரும்பி வரும்போது வெட்ட வேண்டிய பரப்பு பெரிதாகியிருக்கும், செலவும் கூடும். பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. அம்பாசிடரில் தனி சேசிஸ் கிடையாது. உடற்கூடுதான் வண்டியின் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு உளுத்துப்போனபின் அசல் என்று அதைக் கட்டிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. அங்கே மாற்றத்தான் வேண்டும்.

சட்டமும் அசலைக் கேட்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்ய, அது அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. அசலைக் காத்ததற்குச் சான்றாக, வேலைக்கு முன்னும் இடையிலும் படம் எடுத்துவைப்பதும், வெட்டிய அசல் துண்டுகளை எறியாமல் வைத்திருப்பதும் இந்த ஊர் உரிமையாளர்கள் இப்போதே தொடங்க வேண்டிய பழக்கம்.