கறுப்புக் கோட்டு, காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டுமா?

பௌர்ணமி இரவில் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் திரளும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி நிற்பது காக்கி உடுப்பு. கல் குவாரியும் கிரஷரும் சூழ்ந்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டத்தின் முகமாகத் தெரிவது அது ஒன்றுதான். "போலீஸ் செலக்‌ஷனுக்குப் போ" என்று வீட்டில் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிறைந்து, எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் வென்றால் இரண்டாம் நிலைக் காவலர். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். அதே தேர்வில்தான் சிறைக் காவலரும் தீயணைப்பாளரும் எடுக்கப்படுகிறார்கள்.

ஆனால் அந்த ஏணி நீளமானது. பணிமூப்பை மட்டும் நம்பியிருப்பவர் சிறப்பு எஸ்.ஐ. ஆக ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. பட்டம் படித்தவரோ நேரடி எஸ்.ஐ. தேர்வில் 36,900 ரூபாயில் தொடங்குகிறார். எஸ்.ஐ. இடங்களில் 20 சதவீதம் துறைக்குள் இருப்பவர்களுக்கு உண்டு என்பதால், காவலராகச் சேர்ந்த பிறகும் தபாலில் ஒரு பட்டம் படித்து வைப்பது வீண்போகாது.

அறிவியல் படித்தவர்கள் தடய அறிவியலையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம். அதற்குள் ஆட்களை எடுத்தே ஆக வேண்டும்.

என் அக்கறை முழுக்க நீதிமன்றத்தின் மேல். 2021-இல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தார். மறு ஆண்டு மாவட்ட அமர்வு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு மேல் நீதிமன்றங்களுக்கும் போனது. காக்கியின் உச்சியில் இருந்தவருக்கே தண்டனை சொல்லும் அதிகாரம், மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு நடுவரிடம் இருக்கிறது. அந்த நாற்காலிக்குக் குவாரித் தொழிலாளியின் மகளும் வர வேண்டும் அல்லவா?

படிப்பு தூரத்தில் இல்லை. விழுப்புரத்தில் 2017-இல் அரசு சட்டக் கல்லூரியே வந்துவிட்டது. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு படிப்பு. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு உதவி வழக்கு நடத்துநருக்கு, அதாவது ஏ.பி.பி.க்கு, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு. பதினெட்டில் காவலரானவன் எட்டு வருடம் சம்பளம் வாங்கி, தங்கை கல்யாணத்தையும் முடித்திருப்பான். அவனோடு படித்தவள் அப்போதுதான் நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். இருவரையும் பிரிப்பது திறமை அல்ல, இடைப்பட்ட வருடங்களில் வீட்டில் உலை வைக்க வழி இருந்ததா என்பதே.

ஜூனியர்களுக்குச் சீனியர்கள் மாதம் குறைந்தது 15,000 ரூபாய், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. திண்டிவனம் போன்ற ஊர்களில் அது சீனியரின் வருமானத்தையும் மனதையும் பொறுத்தது. ஏழை இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தை 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. தொகையின் போதாமை ஒருபுறம் இருக்கட்டும். அது இரண்டு வருடத்துக்குத்தான். தேர்வு கேட்பது மூன்று வருட அனுபவம். அந்த மூன்றாவது வருடத்துக்கும் உதவித்தொகை தர அரசு உடனே ஆணையிட வேண்டும்.