வளம் திரட்டலும் எல்லைப் பூசலும்

ஆநிரை கவர்தல் வெட்சி. கவர்ந்ததை மீட்டல் கரந்தை. மண் கருதி மேற்செல்லுதல் வஞ்சி. புறப்பொருள் பயின்றோர்க்கு இவை புதியன அல்ல. பொருளும் நிலமும் உள்ள இடத்தில் பூசலும் உண்டு. பூசலுக்கும் ஒரு முறை உண்டு என்பதே இத்திணைகள் உணர்த்தும் உண்மையாகும். இவ்வுண்மையை இன்று கணிப்பொறித் திரையிலும் காணலாம். இணையவழிப் பல்லாயிரவர் கூடி ஆடும் ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் உள்ள சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதத்தில் இதனை வெளியிட்டது. 7,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கொண்ட கற்பனைப் பேரண்டம் இது. ஆடுவோர் சிறுகோள்களில் கனிமம் அகழ்ந்து, அதனைக் கொண்டு விண்கலங்கள் கட்டுகின்றனர், வாணிகம் செய்கின்றனர், போரிடுகின்றனர். அழிந்த கலம் மீள்வதில்லை. அதனுடன் அதற்குச் செலவிட்ட உழைப்பும் அழிகிறது.

அகழ்வோர் மரபு

இப்பேரண்டம் காவல் மிக்கது, காவல் குறைந்தது, காவலற்றது என மூவகைப்படும். காவல் மிக்க பகுதியில் பிறரைக் காரணமின்றித் தாக்குவோரின் கலத்தைக் காவற்படை அழிக்கும். ஆயினும் அது குற்றத்தைத் தண்டிக்குமேயன்றித் தடுக்காது. ஒருவர் அகழும் பாறையை மற்றவரும் அகழலாம். விண்வெளியில் மிதக்கவிட்ட கொள்கலனிலிருந்து பிறர் கனிமத்தை எடுத்தாலும் காவற்படை வருவதில்லை. எடுத்தவரைத் தாக்குவோரையும் அது தண்டிப்பதில்லை. இதனை அறிந்த சிலர், அகழ்வோரைச் சினமூட்டிப் போருக்கு இழுக்கவே சிறிதளவு கனிமத்தைக் கவர்வர். பொறுமையிழந்து சுடும் புதியவர் தம் கலத்தையும் இழப்பார். விதி வாளாவிருக்கும் இடத்தில் பண்பே வேலி என்பதை இங்கே உணரலாம்.

காவலற்ற பகுதியில் ஆடுவோரின் கூட்டணிகளே அரசுகள். அங்கு அகழ விரும்புவோர் இசைவு பெறவேண்டும்; சில கூட்டணிகள் மண்டலங்களை வாடகைக்கும் விடும். வருவோரை நடத்துவதில் இருவேறு மரபுகள் உள்ளன. நண்பர் அல்லாதார் அனைவரையும் சுடுதல் ஒன்று. பகைவர் எனத் தெளிந்தாரை மட்டும் சுடுதல் மற்றொன்று. முன்னது பெருவழக்கு. பின்னதைப் பிராவிடன்ஸ் என்னும் வட்டாரத்தார் நெடுங்காலம் போற்றினர். இவ்விரண்டையும் விதித்தவர் நிறுவனத்தார் அல்லர், ஆடுவோரே ஆவர்.

எல்லைப் பூசல்

2014 சனவரி 27ஆம் நாள் நிகழ்ந்த பெரும்போர் ஒரு சிறு தவறால் மூண்டது. ‘பி-ஆர்5ஆர்பி’ என்னும் மண்டலத்திற்குரிய உரிமைக் கட்டணம் செலுத்தப்படாது போயிற்று. ஒரு கூட்டணியின் படைத்தளமாக விளங்கிய அம்மண்டலம் உடனே உரிமையற்ற நிலமாயிற்று. எதிரணியினர் அதனைக் கைப்பற்ற விரைந்தனர். ஏறத்தாழ 21 மணி நேரம் போர் நீடித்தது. 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நெருக்கத்தைத் தாங்கும்பொருட்டு, விளையாட்டின் காலவோட்டமே பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. டைட்டன் எனப்படும் மாபெருங் கலங்களுள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு ஏறத்தாழ 3 இலட்சம் டாலர் எனக் கணிக்கப்பட்டது.

இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கலங்கள் கற்பனையாயினும் அவற்றிற்குச் செலவான பொழுது கற்பனையன்று. ஈட்டிய பகையும் நட்பும் கற்பனையல்ல. ஆடுவோரின் குறைகளை எடுத்துரைக்க, அவர்களே தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று 2008இல் தோன்றியதும் இதனாலேயே.

எல்லை என்பது வரைபடத்துக் கோடு மட்டுமன்று. நாள்தோறும் ஆற்றும் கடமையாலும் அயலாரோடு கொண்ட உடன்பாட்டாலும் நிற்பது. ஒரு தவணையை மறந்தவர் ஒரு நாட்டையே இழந்தார். தண்டிப்பார் இல்லாத இடத்திலும் பிறர் பொருளைத் தொடாதிருப்பவரே பண்புடையார். விளையாடும் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. கண்டிக்கும் பெரியோரும் ஒருமுறை அருகமர்ந்து காணுதல் அதனினும் நன்று.