பட்டப்பகலில் தெரிந்த நட்சத்திரம்

1572 நவம்பரில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி, காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் அதுவரை பார்த்திராத ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். வெள்ளிக் கோளுக்கு இணையாக ஒளிர்ந்த அது, பட்டப்பகலிலும் தெரிந்தது. 1574-ல் கண்ணுக்கு மறைந்தது.

அது புதிதாகப் பிறந்த நட்சத்திரம் அல்ல. வெடித்துச் சிதறிய வெண்குள்ளன் எனப்படும் சுருங்கிய நட்சத்திரம். இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று வெண்குள்ளனாகச் சுருங்கியபின், துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துக்கொண்டு எடை கூடலாம். அந்த எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கை நெருங்கினால், உள்ளே இருக்கும் கார்பன் அணுக்கரு எரிப்பில் பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் நட்சத்திரமே வெடித்துவிடும். இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றோடொன்று இணைந்தாலும் இப்படி நேரலாம்.

அந்த எடை வரம்பைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.